தருமனின் சாட்சி

ஐப்பசிப் பௌர்ணமி அன்று மத்தியானம் தருமன் கடையின் பின்கட்டில் நின்று புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆனால் கிரிவலக் கூட்டம் ஆரம்பித்துவிடும். அடி அண்ணாமலையில் அவர் கடை ரோட்டை ஒட்டியே இருந்தது; முன்னால் கடை, பின்னால் வீடு. அந்த ஒரு ராத்திரி வியாபாரம்தான் மாசத்தின் பாதியைத் தாங்கும்.

ஷேர் ஆட்டோவிலிருந்து அவருடைய மகள் தென்றல் இறங்கினாள். தோளில் ஒன்று, கையில் ஒன்று என இரண்டு பெரிய பைகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. பௌர்ணமிக்கு லீவு கேட்டால் தரமாட்டார்கள் என்று போன வாரம்தான் போனில் சொல்லியிருந்தாள்.

"இன்னாம்மா, லீவு குடுத்துட்டானா?"

"சஸ்பெண்டு பண்ணிட்டாங்கப்பா."

கரண்டி நின்றது. "இன்னா பண்ண?"

"சங்கம் ஆரம்பிச்சோம்."

தருமன் அடுப்பைத் தணித்தார். மகளை ஏறிட்டுப் பார்க்காமல், அடிப்பிடிக்காதபடி மட்டும் இரண்டு முறை கிண்டிவிட்டார். சங்கம் என்ற சொல் அந்த வீட்டில் காதில் விழுந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

ஒரு காலத்தில் அவர் பேச்சு முழுக்க அதுவாகத்தான் இருந்தது. எண்பத்தொன்பதில் திண்டிவனம் ரோட்டில் வேர்க்கடலை ஆட்டும் மல்லாட்டை எண்ணெய் மில் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். அங்கே சங்கத்துக்குச் செயலாளர். வேலையை நிரந்தரம் ஆக்கு என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டுக்கு எதிரில் ஸ்டூல் மேல் ஏறி நின்று தருமன் பேசினால் பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை வெளியே நீட்டிக் கேட்பார்கள். முதலாளி ஒன்றும் பேசவில்லை. கேட்டைப் பூட்டினார். சில மாதம் கழித்து போலீஸ் காவலோடு லாரிகள் வந்தன, மெஷின்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு ஆந்திராப் பக்கம் போய்விட்டன. மில்லில் இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். தருமனுக்கு வலதுகை போலிருந்த கூட்டாளி மண்ணாங்கட்டியும் போனான். சாரத்திலிருந்து விழுந்து, ஒரு வேனில் பிணமாக வந்தான். அவன் மனைவி எல்லம்மாளின் இடுப்பில் அப்போது கைக்குழந்தை இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, ரஷ்யா உடைந்த செய்தியைப் பேப்பரில் படித்த அன்று, தருமன் சங்க ஆபீஸ் சாவியைத் தோழர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். சண்டை எதுவும் போடவில்லை. "முதலாளி இருந்தாத்தான் வேலை. அவனைத் தொரத்திட்டு நாம எங்க போறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை போட்டார். கூட்டம் பெருகப் பெருக அது டிபன் கடையானது. எல்லம்மாளை மாவரைக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். அவள் மகள் அறிவுமதி பன்னிரண்டாவது முடித்ததும், கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துவிடும் புகழேந்தியிடம் அவரே போய் நின்று, தென்றல் இருந்த கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். கம்பெனி பஸ், யூனிபார்ம், ஹாஸ்டல். முதலாளி என்று ஒருத்தன் வந்தால் ஊர் எப்படி நிமிர்கிறது பார் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"ஏன்?" என்று இப்போது கேட்டார்.

கொல்லையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எல்லம்மாள் அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள். தென்றல் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அறிவு வெரல் மெஷின்ல நசுங்கிடுச்சிப்பா. அவள இஸ்து ஓரமா ஒக்கார வச்சிட்டு லைனை ஓட்டிக்கினே இருந்தாங்க. நான் போய் ஸ்டாப் பட்டனை அமுக்கினேன். சூப்பர்வைசரு வந்து, லைன் நின்னா எவ்ளோ நஷ்டம் தெரியுமான்னு கேட்டான். அவ வெரலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு சாயங்காலமே எல்லாரும் சேந்தோம்."

"எல்லம்மாளுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்குச் சொல்லாதன்னு அறிவு சத்தியம் வாங்கிக்கினா. சின்னக் காயந்தான்னு கம்பெனியில மருந்து வச்சிக் கட்டியிருக்காங்க."

"சின்னக் காயந்தான? அப்ப நீயும் சொல்லாத."

சொல்லிவிட்டு அடுப்பைத் தூண்டினார். கிரைண்டர் சத்தம் நிற்கும் வரை அவர் திரும்பவே இல்லை.

*

நாலு மணிக்கெல்லாம் புகழேந்தி வந்துவிட்டான். முப்பத்தைந்து வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன், குரல் உயராது. அவன் காருக்குப் பின்னால் ஆட்டோக்களில், அந்தக் கம்பெனியில் மகள்களை வைத்திருந்த அப்பா அம்மாக்கள் வந்து இறங்கினார்கள். கடை முன்னால், ரோடு வரை நீண்டிருந்த கூரையின் கீழ் கூடி நின்றார்கள். காலாற நடந்து வந்த பக்தர்கள் எட்டிப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள்.

"அண்ணா, பெரிசா ஒன்னும் இல்ல," என்றான் புகழேந்தி. "தென்றல் ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடட்டும். வெளியாளுங்க தூண்டிவுட்டாங்க, தெரியாம பண்ணிட்டேன்னு. நாளைக்கே எல்லாப் பொண்ணுங்களையும் உள்ள வுட்ருவாங்க. இல்லன்னா திருவண்ணாமலைப் பொண்ணுங்களே வேணாம்னு சொல்றாங்க. இப்ப அவங்கள வேலைக்கும் வுடாம ஹாஸ்டல்ல வச்சிப் பூட்டாத கொறையா இருக்குது."

கூட்டத்தில் ஒரு அம்மா அழ ஆரம்பித்தாள். ஒருத்தர், "கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருக்கேங்க, எம் பொண்ணு வேலைய நம்பித்தான்," என்றார். இன்னொருவர் சத்தம் போட்டார்: "அப்பன் ஒரு மில்லை மூடினான், பொண்ணு ஒரு கம்பெனிய மூடப் பாக்குறா!"

தருமன் காதில் அது விழுந்தது.

எல்லம்மாள் கை நிறைய மாவோடு கொல்லையிலிருந்து வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. நேராகத் தருமனைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணா, அன்னைக்கி உங்க பேச்சக் கேட்டு எம் புருசன் வேலைய வுட்டாரு. உங்க மேல நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. உங்க சோத்தத்தான் தின்னுக்கினு இருக்கேன். இன்னைக்கி உங்க பொண்ணு பேச்சக் கேட்டு எம் பொண்ணு வேலை போவக் கூடாது. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்."

தருமன் தென்றல் பக்கம் திரும்பினார்.

"எழுதிக் குடு."

"மாட்டேம்பா."

"எழுதிக் குடுன்னேன்."

"நான் இன்னா தப்பு பண்ணேன்? நீ மில்லுல கேட்டது தப்பா?"

"தப்புதான்!" என்றார் தருமன். "மொறச்சிக்கினு கேட்டது தப்பு. மொறச்சா அவன் பூட்டிக்கினு வேற ஊருக்குப் போவான். அவனுக்கு ஊரு நெறைய இருக்குது, நமக்கு வயிறு ஒன்னுதான் இருக்குது. கைகட்டிக் கேட்டிருந்தா மண்ணாங்கட்டி உசிரோட இருந்திருப்பான்."

"கைகட்டித்தான் நாங்களும் கேட்டோம். பாத்ரூம் போறதுக்கு டோக்கன் வாங்கணும்பா எங்க லைன்ல. கைய நீட்டி டோக்கன் வாங்கிக்கினு போயிட்டு வரணும். அதையும் பொறுத்துக்கினுதான் இருந்தோம். எனக்கு உன் ரஷ்யாவும் தெரியாது, செங்கொடியும் தெரியாது. நிக்கற எடத்துல பயமில்லாம நிக்கணும், அவ்ளோதான் கேட்டேன்."

புகழேந்தி நடுவில் வந்தான். "அண்ணா, நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஹாஸ்டலுக்கு வெளியில சங்கத்து ஆம்பளைங்களோட தென்றல் நின்னு பேசறத வார்டனம்மா பாத்திருக்காங்க. விஷயம் வளந்தா ஊருல வேற மாதிரி பேச்சு வரும். பொண்ணு வாழ்க்கை…"

தென்றலின் அம்மா சந்திரம்மாள் அதுவரை வாசற்படியில் நின்றிருந்தாள். கீழே இறங்கி வந்து புகழேந்தியின் முன்னால் நின்றாள். "வேலையப் பத்திப் பேச வந்தியா, எம் பொண்ணு நடத்தையப் பத்திப் பேச வந்தியா?" என்றாள். "ரெண்டாவதுன்னா காருல ஏறு."

புகழேந்தி மேல் வந்த கோபத்தில் தென்றல், அறிவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினாள். எல்லம்மாளிடம் திரும்பி, "அத்த, அறிவு வெரல் நசுங்கிப்போச்சி. அதுக்காகத்தான் நான் லைனை நிறுத்தினேன். உனக்குச் சொல்ல வேணாம்னு சொன்னா," என்றாள்.

எல்லம்மாள் புரியாமல் பார்த்தாள். "எந்தக் கை?"

"சோத்துக் கை."

"புகழேந்தி, எம் பொண்ணுக்குப் போன் போடு."

"சின்ன அடிதாங்க, ட்ரீட்மெண்ட் குடுத்துட்டாங்க. போனெல்லாம் இப்ப வார்டன்கிட்ட…"

"அவ கொரலக் கேக்கணும். போடு."

அவன் போனை எடுத்தான், யாரிடமோ பேசினான், தள்ளிப் போய்ப் பேசினான், திரும்பி வந்து நாளைக்குப் பேச வைக்கிறேன் என்றான். எல்லம்மாள் அவனை விட்டுவிட்டுத் தருமனிடம் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரால் முடியவில்லை.

"மத்தியானமே தெரியும்."

எல்லம்மாள் கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்தாள். அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து வேலையைப் பாதியில் விட்டு அவள் போனதில்லை. அன்று போனாள்.

*

மறுநாள் விடிகிற நேரத்தில் தருமன் எல்லம்மாளின் வீட்டுக்குப் போய் அவளையும் கூட்டிக்கொண்டு, தென்றலோடு முதல் பஸ்ஸில் கிளம்பினார். கடையைச் சந்திரம்மாள் பார்த்துக்கொண்டாள். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவாசி தாண்டும்போது எல்லம்மாள் தண்ணீர் கேட்டாள், அவ்வளவுதான் பேச்சு.

ஹாஸ்டல் கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அம்மாவாக இருந்தாலும் ஆபீஸ் அனுமதி வேண்டும் என்றான். எல்லம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அரை நாள் அப்படியே போனது. பிறகு கம்பெனி மேனேஜர் ஒருவர் காரில் வந்து, தருமனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தென்றலைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். சட்டையை உள்ளே விட்டு, நல்ல தமிழ் பேசினார்.

தருமன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தன்னுடைய வழியில்தான் அவர் கேட்டார்.

"நானும் நாலு பேரை வச்சி வேலை வாங்கறவன்தான் சார். கஷ்டம் எனக்குத் தெரியும். பொண்ணுங்க அறியாத வயசு. நீங்கதான் மனசு வைக்கணும்."

"ஐயா, எங்களுக்கு மட்டும் ஆசையா?" என்றார் மேனேஜர். "தென்றல் கடிதம் குடுத்தாப் போதும். அந்த அறிவுமதிப் பொண்ணை இப்பவே அனுப்பறேன், நல்ல ஆஸ்பத்திரியில காட்டுங்க. எல்லாரையும் வேலைக்குச் சேத்துக்கறேன். உங்க பொண்ணையும் சேத்துத்தான். ஒருத்தர் மேலயும் நடவடிக்கை இருக்காது. இது என் வாக்கு."

தருமனுக்கு நெஞ்சு லேசானது. இதைத்தானே இத்தனை வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியே, எதிர்ப்புறத்துப் பெட்டிக்கடை நிழலில் நின்றிருந்த மகளிடம் ஓடி வந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த ஆள நம்பறியாப்பா?"

"வாக்கு குடுத்திருக்காரும்மா."

தென்றல் எல்லம்மாளைப் பார்த்தாள். எழுது என்றும் எல்லம்மாள் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கண் மேலே இருந்தது. ஹாஸ்டலின் இரண்டாவது மாடியில், கம்பி வலைக்குப் பின்னால் அறிவுமதி வந்து நின்றிருந்தாள். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கீழே பார்த்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

தென்றல் பெட்டிக்கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினாள். கடைக்காரரின் பலகை மேல் வைத்து, அவர்கள் கேட்டபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது கண்ணீர் வரவில்லை. தாளை அப்பாவிடம் நீட்டினாள்.

அறிவுமதி வெளியே வந்தாள். கட்டைப் பிரித்தபோது நாற்றம் அடித்தது. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலின் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்றார் டாக்டர். வராண்டாவில் எல்லம்மாள் தென்றலின் தோளில் சாய்ந்துகொண்டாள். தருமன் கொஞ்சம் தள்ளி நின்றார். அவர் கிட்டே போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

*

மேனேஜர் பாதி வாக்கைக் காப்பாற்றினார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். ஆறிய கையோடு அறிவுமதியும் போனாள். வேறு வேலைக்கு எங்கே போவது? தென்றலுக்கு மட்டும் வேலைநீக்க உத்தரவு தபாலில் வந்தது. அவளே எழுத்து மூலம் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பதால் விசாரணை தேவையில்லை என்று அதில் இருந்தது.

தருமன் உடனே மேனேஜருக்குப் போன் போட்டார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேங்க," என்றார் அவர், அதே நல்ல தமிழில்.

அன்று தருமன் கல்லாவில் உட்கார்ந்தபடி யாருக்கு என்ன பரிமாறினார்கள் என்றே கவனிக்கவில்லை. மில் முதலாளி பூட்டிவிட்டுப் போனதில்கூட அவருக்கு இப்படி வலித்ததில்லை. அந்த ஆளை எதிரி என்று தெரிந்துதான் மோதினார். இந்த ஆளிடம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

தென்றல் நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுத்தாள். மேனேஜர் வாக்குக் கொடுத்ததைக் கேட்டவர் ஒரே ஒருத்தர்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவரிடம் சாட்சி சொல்ல வா என்று அவள் கேட்கவில்லை.

"அவ கேக்க மாட்டா," என்றாள் சந்திரம்மாள், சாப்பாடு போடும்போது. "நீயாத்தான் போவணும்."

அந்த வாரம் புகழேந்தியும் வந்தான். டீ குடித்தான். "கடைக் கூரை ரோட்டுல ஜாஸ்தியா நீட்டிக்கினு இருக்குதே அண்ணா, யாராவது மனு கினு போட்டா வம்பு. பாத்துக்கங்க," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டீக்கிளாசை வைத்துவிட்டு அவன் போனதும் தருமன் ஏணியைக் கொண்டுவந்தார். அதை வைத்து யாரும் தன்னை மிரட்ட முடியாதபடி, ரோட்டில் நீண்டிருந்த தகரத்தைத் தானே பிரித்துக் கீழே இறக்கினார். கடை சின்னதாகிப் போனது. வெயில் நேராகக் கல்லா மேல் அடித்தது.

விசாரணை அன்று அதிகாரியின் அறையில் மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார். தருமன் நடந்ததைச் சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"நீங்க எண்பத்தொன்பதுல ஒரு எண்ணெய் மில்லுல வேலைநிறுத்தம் நடத்தினீங்க, இல்லையா?"

"ஆமாங்க."

"அந்த மில்லை மூடிட்டாங்க. பல குடும்பம் தெருவுக்கு வந்துச்சு. ஒருத்தர் செத்தே போனார்."

"மண்ணாங்கட்டி," என்றார் தருமன். "எஞ்சேக்காளி."

"அப்ப நீங்க தொழிலுக்கே விரோதி. சங்கம் வச்சு கம்பெனிய மூடறது உங்க குடும்ப வழக்கம்னு சொல்லலாமா?"

தென்றல் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"அந்த வேலைநிறுத்தம் தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்வேங்க," என்றார் தருமன். "சங்கத்த வுட்டு வந்து வருஷம் ஆயிப்போச்சி. முதலாளி வேணும்னு நெனைக்கறவன் நான். நானே ஒரு சின்ன முதலாளிதான். எம் பொண்ணு பண்ணதும் எனக்குப் புடிக்கல. ஆனா இவரு எனக்கு வாக்கு குடுத்தாரு. ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன், உம் பொண்ணையும் சேத்துத்தான்னாரு. நான் போய் எம் பொண்ண எழுத வச்சேன். அவ எழுதினது குத்தம் பண்ணதால இல்ல. உள்ள ஒரு பொண்ணு கை அழுகிக்கினு இருந்திச்சி, அதுக்காவ எழுதினா. இதச் சொல்லத்தான் வந்தேன்."

மேனேஜர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட் கிடைத்தது.

"அந்த வேலைநிறுத்தம் தப்புன்னு ஏம்பா சொன்ன? அது நம்ம கேசுக்கு ஆவாது."

"தப்புன்னு நெனைக்கறேன், சொன்னேன்."

"தப்பு பண்ணது நீயில்ல. மெஷின ஏத்திக்கினு போனவன்."

"போவான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"போவான்னு பயந்துக்கினே இருந்தா, எல்லாத்துக்கும் டோக்கன் வாங்கிக்கினேதான் இருக்கணும்."

"டோக்கன் வாங்கறவளாச்சும் சாப்புடறா."

"வெரலு போனவளுமா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் குரலைத் தணித்தார்கள், ஆனால் விடவில்லை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகும், ஷேர் ஆட்டோவிலும் அது ஓடியது. பதினேழு வருஷமாகத் தருமன் அதைப் பற்றி யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

அதிகாரி சமரசம் செய்ய முடியவில்லை என்று எழுதி, வழக்கைத் தொழிலாளர் கோர்ட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருஷக் கடைசியில் அந்தக் கம்பெனியில் சங்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அறிவுமதியும் ஒருத்தி. கணு போன விரலைக் காட்டித்தான் அவள் மற்றப் பெண்களைச் சேர்த்தாள் என்றார்கள். கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டே போனது; தென்றலை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அவள் அங்கேயே சங்க ஆபீசில், ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு வேலை பார்த்தாள்.

எல்லம்மாள் கடைக்குத் திரும்பி வந்திருந்தாள். முன்போலவே வேலை செய்தாள். தருமனை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் எதையாவது கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லும்போது, அவர் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பாள்.

கடைக்கு வருகிற பழைய மில் ஆட்கள் சில நேரம் தருமனிடம் கேட்பார்கள். "இன்னா தருமா, பொண்ணு சங்கத்துலயாமே? உனக்குச் சரின்னு படுதா?"

"எனக்குத் தெரியல," என்பார் அவர். "அவளத்தான் கேக்கணும்."